பினாயில் அக்காவும் எட்டாயிரம் சக்கரங்களும்

ஒரு மனிதர் தம் வாழ்நாளில் எத்தனை கிருமிகளைக் கொன்றார் என்பதை எந்த அரசும் பதிவு செய்து வைப்பதில்லை. வைத்திருந்தால் அந்தப் பட்டியலில் முதல் பெயர் நம் பினாயில் அக்காவுடையதாக இருந்திருக்கும். உலகத்துப் படைத்தளபதிகள் எல்லோரும் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்று டோக்கன் வாங்கியிருப்பார்கள்.

அக்காவுக்கு வயது நாற்பத்தாறு. அதில் இருபத்திரண்டு வருடங்கள் ஒரே தொழிற்சாலையில் கழிந்தன. தகரக் கூரை, பெயின்ட் உரிந்த பச்சை கேட், மூன்று கலவைத் தொட்டிகள், ஒரு பாட்டில் கழுவும் மெஷின், அக்காவைத் தவிர முப்பத்தெட்டு தொழிலாளிகள். தயாரிப்பது தரை கழுவும் பினாயில். பாட்டிலின் மேல் ஒட்டும் தாளில் '99.9 சதவீதக் கிருமிகளைக் கொல்லும்' என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கும். மிச்சமுள்ள அந்தப் புள்ளி ஒன்று சதவீதம் எங்கே போகிறது, என்ன செய்கிறது, சாப்பாட்டுக்கு என்ன வழி என்று இருபத்திரண்டு வருடமாக யாரும் விசாரித்ததில்லை.

அக்காவின் வேலை, தொட்டிகளையும் தரையையும் பாட்டில்களையும் சுத்தமாக வைத்திருப்பது. அந்த வேலையை அவர் ஒரு கொள்கையாகவே மாற்றிக்கொண்டார். வீட்டிலும் அதே கொள்கை. அவர் வீட்டு எறும்புகள் வேறு வீடு பார்த்துப் போய்ப் பல காலம் ஆகிறது. இப்படிப்பட்டவருக்கு வாய்த்த கணவர், சந்தையில் மீன் விற்பவர். அவர் மேல் மீன் வாடை, இவர் மேல் பினாயில் வாடை. கல்யாணமான முதல் ஆறு மாதம் இருவரும் வாய் வழியாக மூச்சு விட்டுக்கொண்டே குடும்பம் நடத்தினார்கள். அதைக் காதல் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

தொல்லை, தொழிற்சாலையின் பின்பக்கத்திலிருந்து வந்தது. தொட்டிகளைக் கழுவிய தண்ணீர் ஒரு குழாய் வழியாகப் பின்னால் இருக்கும் வாய்க்காலில் விழும். வாய்க்காலில் முதலில் தவளைச் சத்தம் நின்றது. பிறகு மீன்கள் மல்லாந்தன. எதிர்க்கரையில் குடியிருப்பவர்கள், "உங்க வாய்க்கால் ரொம்ப சுத்தமா இருக்கு, அதுல ஒரு உயிர் கூட இல்ல" என்று புகார் எழுதினார்கள். மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து வந்து தண்ணீரைப் பிடித்துப் பார்த்தார்கள். பினாயிலில் இருக்கும் பீனால் என்ற சரக்கு, இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு இருந்தது. மறுபடி வந்தார்கள். மறுபடியும் அப்படியே இருந்தது. மூன்றாவது தடவையும் தேறாவிட்டால் கேட்டுக்கு சீல் என்று கடிதம் வந்தது.

அப்போதுதான் முதலாளி டாக்டரைக் கூட்டிவந்தார். டாக்டர் என்றால் நாடி பிடிக்கிறவர் இல்லை. கிருமிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிய இளைஞர். யாராவது காய்ச்சல் என்று எதிரில் போய் நின்றால், பயந்து இரண்டடி பின்னால் நகர்ந்துவிடுவார். அவர் தொழிற்சாலையின் பின்புறத்தில் பாதி பஸ் அளவுக்கு ஒரு தொட்டி கட்டினார். அடியிலிருந்து காற்றுக் குமிழ் கொப்பளிக்க ஒரு பம்பு வைத்தார். உள்ளே ஆறு கம்பிக் கூடைகள். கூடைக்குள் பாட்டில் மூடி அளவில் குட்டிக் குட்டிப் பிளாஸ்டிக் சக்கரங்கள், மொத்தம் எட்டாயிரம். கடைசியாக ஒரு கேனிலிருந்து பழுப்பாக எதையோ ஊற்றினார்.

"இது என்ன சார்?" என்று கேட்டார் அக்கா.

"கிருமிக்கா."

அக்கா கையில் இருந்த பிரஷ் கீழே விழுந்தது.

"கிருமியைக் கொல்ற கம்பெனிக்குள்ள கிருமி வளக்கப் போறீங்களா?"

"ஆமாக்கா. இது பீனாலைத் திங்கற ஜாதி."

"கொல்ற மருந்தையே திங்குமா?"

"கொஞ்சம் கொஞ்சமா குடுத்தா திங்கும். ஒரேயடியா ஊத்தினா செத்துரும்."

"எங்க மாமனாரும் அப்படித்தான்" என்றார் அக்கா, பெருமூச்சோடு. "ஒரேயடியா ஊத்திக்கிட்டுத்தான் போனாரு."

டாக்டர் அவசரமாகப் பாடத்துக்குத் தாவினார். பீனால் என்பது ஆறு கார்பன்கள் கைகோத்து வட்டமாக நிற்கும் ஒரு கூட்டம். அந்தப் பிடி லேசில் விடாது. கிருமிக்குப் பல் கிடையாது. ஆனால் நொதி என்ற ஒன்றைத் தனக்குள்ளேயே செய்துகொள்ளும். ஒரு நொதி போய், காற்றில் இருக்கும் ஆக்சிஜனைக் கொண்டுவந்து அந்த வட்டத்தில் ஒட்டவைக்கும். அடுத்த நொதி வந்து, ஒட்டின இடத்துக்குப் பக்கத்தில் வட்டத்தை உடைக்கும். உடைந்த பிறகு அது விஷம் இல்லை, சாதாரணச் சாப்பாடு. கடைசியில் மிஞ்சுவது தண்ணீரும் கரியமில வாயுவும்தான். இதற்கெல்லாம் ஆக்சிஜன் வேண்டும் என்பதால்தான் பம்பு இரவு பகலாக ஓடுகிறது.

அக்கா விரல் விட்டு ஆறு எண்ணிப் பார்த்தார்.

"புரிஞ்சுது சார். ஆறு அண்ணன் தம்பி ஒண்ணா இருக்கற கூட்டுக் குடும்பம். முதல்ல ஒரு மருமக வந்து ஒட்டிக்குவா. ரெண்டாவது மருமக வந்ததும் தனிக்குடித்தனம்."

மூன்று வருடம் வகுப்பெடுத்தும் தனக்குத் தோன்றாத உவமை என்று டாக்டர் அதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார்.

தொட்டியைக் கவனித்துக்கொள்ள யாரைப் போடுவது என்ற கேள்வி எழுந்தபோது, முதலாளி தயங்கவே இல்லை. "அக்காவைப் போடுங்க. கிருமி எதெதுல சாகும்னு அவங்களுக்குத்தான் தெரியும். அதையெல்லாம் செய்யாம இருந்தா போதும்" என்றார். முதலாளிகள் எப்படி முதலாளி ஆகிறார்கள் என்பது இம்மாதிரித் தருணங்களில்தான் விளங்கும்.

இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அக்கா நேரத்துக்கு வந்தார், நேரத்துக்குக் கழிவுத் தண்ணீரைத் திறந்துவிட்டார், பம்பு நிற்காமல் பார்த்துக்கொண்டார். வெளியே வரும் தண்ணீரை டாக்டர் வாரம் ஒருமுறை, செவ்வாய்க்கிழமை, சோதனைக் குழாயில் எடுத்து ஒரு மருந்து விடுவார். பீனால் இருந்தால் சிவப்பாகும். வாரத்துக்கு வாரம் சிவப்பு குறைந்துகொண்டே வந்தது. சோதனைக்கு வரும் நாள் வெள்ளிக்கிழமை என்று கடிதமும் வந்தது. இன்னும் பன்னிரண்டு நாள்.

அக்காவுக்கு இருந்த குறை ஒன்றே ஒன்று. அந்தச் சக்கரங்கள்.

புதிதாக வந்தபோது வெள்ளை வெளேரென்று இருந்தவை. இப்போது ஒவ்வொன்றின் மேலும் பழுப்பு நிறத்தில், வழவழவென்று, மூக்கைச் சிந்திப் பூசினதுபோல ஒரு பிசுக்கு படிந்திருந்தது. வெளி ஆட்கள் வந்து பார்க்கப் போகிறார்கள். கழுவாத பாத்திரத்தை வாசலில் வைத்துக்கொண்டு விருந்தாளியை வரவேற்பது போன்ற அவமானம் அது. அந்தப் பிசுக்கு என்னவென்று டாக்டரிடம் அவர் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? கிருமி கண்ணுக்குத் தெரியாது என்று டாக்டரே படம் போட்டுச் சொல்லியிருக்கிறார். இது கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே இது அழுக்கு. இந்தத் தர்க்கத்தில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்க வாசகர்கள் வேண்டுமானால் முயன்று பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலைக்கு விடுமுறை. அக்கா தாமாகவே வந்தார். ஆறு கூடைகளையும் கப்பி போட்டு மேலே தூக்கினார். எட்டாயிரம் சக்கரங்களையும் வலைப் பைகளில் கட்டி, பாட்டில் கழுவும் மெஷினுக்குள் விட்டார். முதலில் காரத் தண்ணீர். பிறகு வெந்நீர். பிறகு மறுபடி வெந்நீர். கடைசி அலசலுக்குக் கம்பெனி சரக்கே இரண்டு மூடி. மத்தியானத்துக்குள் சக்கரங்கள் பால்பற்கள் மாதிரி பளிச்சிட்டன. அவற்றைப் பழையபடி கூடையில் போட்டு இறக்கிவிட்டு, தொட்டி விளிம்பையும் ஒரு தேய் தேய்த்துவிட்டு, அக்கா மனநிறைவோடு வீட்டுக்குப் போனார். இரண்டு மாதம் வளர்ந்த ஒரு பெருநகரம் அன்றைக்குச் சாக்கடையோடு போனது. அந்த நகரத்துக்காக அழ ஒரு நாதி இல்லை.

செவ்வாய்க்கிழமை டாக்டர் வந்தார். கேட்டருகிலேயே வாடை அவரை வரவேற்றது. தொட்டியை எட்டிப் பார்த்தார். வெள்ளைச் சக்கரங்கள் வெயிலில் மினுங்கின. டாக்டர் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"அக்கா, இந்தச் சக்கரத்து மேல ஒண்ணு இருந்துச்சே..."

"இருந்துச்சு சார். மூணு தடவை அலசினதும்தான் போச்சு. என்னமா ஒட்டிக்கிட்டிருந்துச்சு!"

"அக்கா."

"சொல்லுங்க சார்."

"அதுதான் கிருமி."

அக்கா தொட்டியைப் பார்த்தார். பிறகு தம் கைகளைப் பார்த்தார்.

"கண்ணுக்குத் தெரியாதுன்னீங்க?"

"ஒண்ணு ரெண்டு இருந்தா தெரியாதுக்கா. கோடிக்கணக்குல ஒண்ணு மேல ஒண்ணு குடியிருந்தா பிசுக்காத்தான் தெரியும். அதுங்களுக்கு வீடு கட்டத்தான் சக்கரமே போட்டேன்."

சோதனைக் குழாயில் மருந்தை விட்டார். வெற்றிலை போட்ட வாய்போலச் சிவந்தது.

கவிழ்த்து வைக்க இன்னொரு வாளி அங்கே இல்லாததால் அக்கா தரையிலேயே உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருடத்தில், தாம் கழுவாத தரையில் அவர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

முதலாளியிடம் விஷயத்தை அவரே போய்ச் சொன்னார். முதலாளி, தன் அறையில் இருந்த மின்விசிறிச் சத்தத்துக்கும் மேலே கொஞ்ச நேரம் கத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, கத்தினதைவிடப் பயங்கரமாகப் பேசினார்.

"இன்னும் பத்து நாள் இருக்கு. அந்த வெள்ளிக்கிழமை தண்ணி தேறலன்னா கேட்டை மூடிருவாங்க. முப்பத்தெட்டு பேரும் வெளிய நிப்பாங்க. அவங்க ஏன்னு கேட்டா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். ஒவ்வொருத்தருக்கும், தனித்தனியா."

அக்காவுக்கு முப்பத்தெட்டு முகங்களும் தெரியும். பாட்டில் மூடி போடுகிறவள், தாள் ஒட்டுகிற அக்கா தங்கை இருவர், டிரம் உருட்டுகிற கிழவர், எல்லோரும். அன்று சாப்பாட்டு நேரத்தில் அவர் டிபன் டப்பாவைத் திறந்து மறுபடி மூடினார். அதற்கடுத்த பத்து நாளும் அந்த டப்பா திறப்பதும் மூடுவதுமாகத்தான் இருந்தது.

டாக்டர் ஒரு வழி சொன்னார். மிச்சம் மீதி இருக்கும் கிருமி தானாகப் பெருகப் பத்து நாள் போதாது. வேறு எங்காவது பீனால் தின்று பழகிய கிருமியைக் கொண்டுவந்து ஊற்றினால் ஒருவேளை முடியும். அப்படிப்பட்ட தொட்டி இரண்டு மணி நேரப் பஸ் தூரத்தில் ஒரு பசைத் தொழிற்சாலையில் இருக்கிறது. பலகை ஒட்டும் பசைக்கும் பீனால்தான். அங்கே தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் மனசு வைத்தால் கிடைக்கும்.

"நீங்க ஒரு போன் போடுங்க சார்."

"நான் கேட்டா குடுக்க மாட்டாருக்கா." டாக்டர் தலையைச் சொறிந்தார். "அவர் தொட்டி பக்கத்துல ரேடியோ வெச்சுப் பாட்டுப் போடுவாரு. பாட்டுக்கும் கிருமிக்கும் சம்பந்தமில்லன்னு ஒரு கூட்டத்துல சொல்லிட்டேன். அதுலேர்ந்து என்னைப் பாத்தா ரேடியோ சத்தத்தை ஏத்திருவாரு."

கம்பெனி வேனைக் கேட்கலாமா என்றால் அதுவும் கூடாது. அதில் தினமும் பினாயில் ஏற்றுகிறார்கள். கிருமி வாசலைத் தாண்டுவதற்குள் செத்துவிடும். ஆகவே பஸ். கேனில் அடைத்துக் கொண்டுவரும் வழியெல்லாம் அதற்குக் காற்றும் வேண்டும்.

அன்று வீட்டில் அக்கா இதைச் சொல்லி முடித்ததும், கணவர் எழுந்து போய், பரணிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்துவந்தார்.

"உயிர் மீன் விக்கறப்போ தொட்டில போடற பம்பு. பேட்டரில ஓடும். ரெண்டு வாய் இருக்கு, ரெண்டு கேனுக்கு ஆகும்."

"நாத்தம் புடிச்சதுன்னு நான் தூக்கிப் போடச் சொன்னதுல்ல இது?"

"நீ எதைத்தான் தூக்கிப் போடச் சொல்லல? என்னையுமே சொன்ன. நானும் வர்றேன், கேன் தூக்க ஆள் வேணும்."

மறுநாள் காலை இருவரும் போய்ச் சேர்ந்தபோது, பசைத் தொழிற்சாலைப் பெரியவர் தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். ரேடியோவில் யாரோ உருகிக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் ரேடியோவை அணைத்துவிட்டு, இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். பெண் கேட்டு வந்தவர்களைப் பெண்ணைப் பெற்றவர் பார்க்கும் அதே பார்வை.

"உங்க தொட்டில காத்தோட்டம் எப்படி?"

"நல்லா வரும் அண்ணே. பம்பு நிக்காது."

"சாப்பாடு?"

"வேளாவேளைக்கு."

"சூடு?"

"கையை விட்டா இதமா இருக்கும்."

"எல்லாம் சரி. ஏற்கெனவே இருந்தது என்னாச்சு?"

இந்தக் கேள்விக்குப் பதிலாக அக்கா வழியெல்லாம் மூன்று பொய்களைத் தயார் செய்து வந்திருந்தார். கரண்ட் போய்விட்டது என்பது ஒன்று. பம்பு கெட்டுவிட்டது என்பது இரண்டு. மூன்றாவதில் டாக்டரை மாட்டிவிட்டிருந்தார். நேரில் வந்து நின்றபோது மூன்றையும் முந்திக்கொண்டு உண்மை வந்துவிட்டது.

"கழுவிட்டேன் அண்ணே."

"எதை?"

"சக்கரத்தை. எல்லாத்தையும். அழுக்குன்னு நினைச்சு."

"தண்ணில அலசினீங்களா?"

"காரத் தண்ணி. அப்புறம் வெந்நீர். அப்புறம்..." அக்காவின் குரல் தேய்ந்தது. "கடைசில கொஞ்சம் பினாயில்."

பெரியவர் குடையைக் கீழே வைத்தார். முகம் ஒரு மாதிரி கோணியது. அழுகிறார் என்றே அக்கா நினைத்தார். இல்லை, சிரிக்கிறார். நாற்காலி கிறீச்சிடக் கிறீச்சிடச் சிரித்தார்.

"இதைத் தண்டனையா ஒருத்தனுக்குச் செய்யணும்னாகூட யோசனை வராதேம்மா!"

"நீங்க சிரிக்கறீங்க. எனக்கு முப்பத்தெட்டு பேரு..." என்று ஆரம்பித்தவர், இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்ததை அங்கேயே அழுது தீர்த்தார். கணவர், மீன் துடைக்கிற துண்டை நீட்டினார். அவர் அதைத் தட்டிவிட்டு முந்தானையை எடுத்துக்கொண்டார்.

பெரியவர் சிரிப்பை நிறுத்தினார்.

"சரி, விடும்மா. வேலைக்குச் சேந்த வருஷம் நான் என்ன பண்ணேன் தெரியுமா? குளிர்ல நடுங்குமேன்னு கொதிக்கக் கொதிக்க ரெண்டு டிரம் வெந்நீர் ஊத்தினேன். ஒரே ஆவியாப் போச்சு மொத்தக் கூட்டமும். அதை இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. நீங்க வந்ததும் வராததுமா சொல்லிட்டீங்க. பொய் சொல்லியிருந்தா வெறுங்கையோட அனுப்பியிருப்பேன்."

தொட்டியின் அடியில் கெட்டியாகப் படிந்திருந்த கிருமிச் சேற்றை அவரே மொண்டு இரண்டு கேன்களில் ஊற்றினார். மூடியில் துளை போட்டுப் பம்புக் குழாயைச் செருகினார். கடைசியாக அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

"முத நாள் ஒரு குவளை. அதுக்கு மேல யாரு சொன்னாலும் குடுக்காதீங்க. பழகட்டும்."

திரும்பும் பஸ்ஸில் இரண்டு கேன்களும் கடைசி இருக்கைக்கு அடியில் களக் களக் என்று பேசிக்கொண்டே வந்தன. கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"என்ன இது, மீனா?"

"மீன் மாதிரி" என்றார் கணவர்.

"மாதிரின்னா?"

அக்காவுக்கு அன்று பொய் சொல்லும் சக்தி முற்றிலும் தீர்ந்துபோயிருந்தது. "கிருமிங்க. கெட்டதில்ல, நல்லது. அழுக்குத் தண்ணியைத் திங்கும்."

"எத்தனை இருக்கு?"

"கோடி கோடியா இருக்கும்."

கண்டக்டர் கேனைப் பார்த்தார், டிக்கெட் மெஷினைப் பார்த்தார், பிறகு அதிகாரப்பூர்வமான குரலில் கேட்டார்: "எல்லாம் அஞ்சு வயசுக்குள்ளதானே?"

"ரெண்டு மாசம் கூட ஆகாது."

"அப்ப டிக்கெட் வேணாம்."

கொஞ்ச நேரத்தில் பஸ்ஸுக்குள் ஒரு நாற்றம் எழுந்து, இருக்கை இருக்கையாக முன்னேறியது. முன்வரிசை அம்மா ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "யாருங்க அது, மீன்காரரா?" என்று திரும்பிப் பார்த்தார். கணவர் கேனைக் காலால் இன்னும் உள்ளே தள்ளிவிட்டு, "ஆமாங்க, நான்தான், மன்னிச்சுக்குங்க" என்று கை தூக்கினார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் மேல் வராத ஒரு பிரியம் அப்போது பொங்கி வந்தது. ஆனால் அதை வெளியே காட்டினால் மனிதர் தலையில் ஏறிக்கொள்வார் என்பதால் காட்டவில்லை.

அதற்கடுத்த ஒன்பது நாள்கள், உலகத்தில் எந்தக் கைக்குழந்தைக்கும் கிடைக்காத கவனிப்பு, தொட்டியில் ஊற்றிய அந்தச் சேற்றுக்குக் கிடைத்தது. முதல் நாள் ஒரு குவளை கழிவுத் தண்ணீர். இரண்டாம் நாள் இரண்டு. மூன்றாம் நாள் ஒரு வாளி. மிச்சக் கழிவு முழுவதையும் பெரிய டிரம்களில் நிறுத்தி வைத்தார்கள். டிரம் நிறைய நிறைய, தயாரிப்பைக் குறைக்க வேண்டியதாயிற்று. முதலாளி ஒருநாள் பின்பக்கம் வந்து, "வேகமா ஊத்தினா வேகமாத் திங்காதா?" என்று கேட்டார்.

"பச்சப் புள்ளைக்கு யாராவது விருந்துச் சாப்பாடு போடுவாங்களா?"

"எனக்கே உத்தரவு போடறீங்களா?"

"நான் போடல ஐயா. அதுங்க போடுது."

முதலாளி தொட்டியைப் பார்த்தார். கோடிக்கணக்கானவர்கள் ஒரு பக்கம், தான் ஒருவர் மட்டும் ஒரு பக்கம் என்பது உறைத்ததோ என்னவோ, திரும்பிப் போய்விட்டார்.

ஆறாம் நாள் காலை அக்கா கூடைக்குள் கையை விட்டு ஒரு சக்கரத்தை எடுத்து, விரலால் தடவினார். வழுக்கியது. லேசாக, கண்ணுக்குச் சரியாகக்கூடத் தெரியாத மாதிரி, ஆனால் நிச்சயமாக வழுக்கியது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் வழுக்கியது. வாழ்நாள் முழுக்கப் பிசுக்கென்றால் முகம் சுளித்தவர், அன்று அந்தச் சக்கரத்தை டாக்டரின் மூக்குக்கு நேராகப் பிடித்து, "பாருங்க சார், அழுக்கு! அழுக்கு வந்துருச்சு!" என்று கூவினார். பாட்டில் மூடி போடுகிறவள் எட்டிப் பார்த்து, அக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று உள்ளே போய்ச் சொன்னாள்.

அன்றிலிருந்து டாக்டர் தினமும் வந்தார். சோதனைக் குழாயின் நிறம் செங்கல்லிலிருந்து மெல்ல மெல்ல வெளுத்தது. தேற வேண்டிய நிறம் ஓர் அட்டையில் அச்சடித்திருக்கும், எலுமிச்சம்பழத் தோல் மாதிரி ஒரு மஞ்சள். வியாழக்கிழமை மத்தியானம் குழாயை அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மஞ்சள்தான். ஆனால் அதில் ஒரு சிவப்புச் சாயல், பொய் சொன்னவன் காதுமடல் மாதிரி.

"தேறுமா சார்?"

"தெரியலக்கா."

முதலாளிக்கு இதற்குள் ஒரு யோசனை உதித்திருந்தது. "ரெண்டு டேங்கர் குழாய்த் தண்ணியை ஊத்திட்டா சாயம் தானா வெளுத்துரும்ல?"

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் அக்கா தொட்டி ஏணியில் ஏறிக் குறுக்கே நின்றுவிட்டார்.

"குழாய்த் தண்ணில குளோரின் இருக்கு. குளோரின் எவ்வளவு இருந்தா கிருமி சாகும்னு எனக்குத் தெரியும் ஐயா, இருபத்திரண்டு வருஷமா அதானே வேலை. ஒரு தடவை கொன்னுட்டேன். மறுபடி என் கையால ஆகாது. தேறலன்னா முப்பத்தெட்டு பேருக்கும் நானே சொல்லிக்கறேன்."

டேங்கர் வரவில்லை. அக்கா மட்டும் அன்றைய சாப்பாட்டை ஒரு வாளி குறைத்து, காற்றுப் பம்பின் திருகைக் கடைசி வரைக்கும் திருகிவிட்டு வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். குள்ளமான பெண்மணி, தோளில் தோல்பை. டீ கொடுத்தார்கள், வேண்டாம் என்றார். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. நேராகப் பின்பக்கம் போய், வெளியேறும் குழாயடியில் பாட்டிலைப் பிடித்தார். உள்ளே முப்பத்தெட்டு பேரும் கருமமே கண்ணாக வேலை செய்தார்கள். செய்தது என்னவோ ஒரே வேலைதான். டிரம் உருட்டுகிற கிழவர் ஒரே டிரம்மைச் சுவரோரமாக உருட்டிக்கொண்டு போனார், திரும்ப உருட்டிக்கொண்டு வந்தார், எட்டு தடவை.

அதிகாரி சோதனைக் குழாயில் மருந்து விட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிடம் என்றார்.

அந்தப் பத்து நிமிடத்தில் அக்கா மனத்துக்குள் முப்பத்தெட்டு பேரிடமும் பேசி முடித்தார். முதலில் மூடி போடுகிறவள். அவளிடம் எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. தாள் ஒட்டுகிறவர்களில் தங்கைக்காரி அழுவாள், அக்காக்காரி திட்டுவாள். கிழவர் ஒன்றும் சொல்ல மாட்டார், அதுதான் தாங்காது. இருபத்தாறாவது ஆளிடம் வந்தபோது அதிகாரி குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அட்டையைப் பக்கத்தில் வைத்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி பார்த்தார்.

"இது எப்பத்திலேர்ந்து இப்படி?" என்று கேட்டார்.

முதலாளி டாக்டரைப் பார்த்தார், டாக்டர் அக்காவைப் பார்த்தார்.

"எப்படிங்க?" என்றார் அக்கா. குரல் எங்கோ கிணற்றிலிருந்து வந்தது.

"அட்டையை விட வெளுப்பா இருக்கே. பாதிகூட இல்ல." அதிகாரி பையிலிருந்து தாளை எடுத்து, தொட்டிச் சுவரில் வைத்து எழுதினார். "தேறியாச்சு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வருவேன், இதே மாதிரி வெச்சுக்குங்க."

அவ்வளவுதான். சங்கு ஊதவில்லை, யாரும் கை தட்டவில்லை. டிரம் உருட்டுகிற கிழவர் மட்டும் டிரம்மை நிறுத்தி, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். முதலாளி இரு கையாலும் அக்காவைக் கும்பிட்டுவிட்டு, தான் கும்பிட்டதை யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "என்ன வேடிக்கை? இன்னிக்கு அரை நாள் லீவு, போங்க எல்லாரும்" என்று எரிந்து விழுந்தார். முப்பத்தெட்டு பேரும் அந்தத் திட்டை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டு, அதே பச்சை கேட் வழியாகச் சளசளவென்று வெளியே போனார்கள்.

அக்கா முதலில் பசைத் தொழிற்சாலைக்குப் போன் போட்டார். "தேறிருச்சு அண்ணே" என்று ஒரே வார்த்தைதான் வந்தது. அந்தப் பக்கம் பெரியவரின் சிரிப்பில் நாற்காலி கிறீச்சிட்டது. கூடவே ரேடியோவின் சத்தமும் ஏறியது.

பிறகு கேட்டுக்கு வெளியே வந்தார். எதிர்ப்புறம் மரத்து நிழலில் கணவர் நின்றிருந்தார். சந்தையில் வியாபாரம் உச்சத்தில் இருக்க வேண்டிய நேரம். கையில் டிபன் டப்பா.

"கடையை விட்டுட்டு இங்க என்ன பண்றீங்க?"

"மீன் விக்கற மூஞ்சியாவா இருக்கு எனக்கு? எட்டு மணிக்கே கடையைப் பக்கத்துக் கடைக்காரன்கிட்ட விட்டுட்டு வந்துட்டேன். என்னாச்சு?"

அக்கா நடைபாதைக் கல்லில், அதைத் தூசு தட்டக்கூட மறந்து, அப்படியே உட்கார்ந்தார். டப்பாவை வாங்கித் திறந்தார். சோறு, குழம்பு, ஒரு மூலையில் வறுத்த மீன் இரண்டு துண்டு. பத்து நாளாக மூடியே கிடந்த பசி மொத்தமாக எழுந்து வந்தது. குழம்பை ஊற்றிப் பிசைந்து, கவளம் கவளமாக, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். கணவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்க வேண்டியதற்கெல்லாம் பதில் கிடைத்துவிட்டது.

பாதி டப்பா காலியான பிறகுதான் அக்கா நிமிர்ந்தார்.

"உப்பு கம்மி" என்றார்.

"நாளைக்குச் சரி பண்ணிடறேன்" என்றார் கணவர். மிச்சம் இருந்த மீன் துண்டையும் அவர் பக்கமே தள்ளி வைத்தார்.